கோட்டுப் பையில் இருந்த கிராம்பு

இன்று காலை எனக்கு நிஜமாகவே பல்வலி. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். மலாக்கா பண்டா ஹிலிரில் இருக்கும் சீனப் பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பஞ்சில் கிராம்பு எண்ணெய் நனைத்து உள்ளே வைத்து அழுத்தினார். அந்த வாசனை ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஆமாம் என்று தலையாட்டினேன். இருபது வருஷமாகக் கோர்ட்டில் சாட்சிகளை ஆமாமா இல்லையா, ஒரே பதில் சொல் என்று விரட்டுகிறவன் நான்.

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமாக உன் வீட்டில் உன்னைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்கூடத் தொடாத உன்னை. அது பொய் என்று ஊரில் நன்றாகத் தெரிந்தவன் நான். அப்படி இருந்தும் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டரிடமிருந்து நேரே உன் வீட்டுக்குப் போய்வந்து, இப்போது மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். செய்தது சரியா, செய்யாமல் இருந்தது சரியா என்று எனக்கு விளங்கவில்லை. இதையெல்லாம் நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீதான், நீயும் இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

பாடாங் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்ததும், ஊரே கூடிக் கூவிய வாரம் அது. புக்கிட் காதிலில் ஒரு டுரியான் தோட்டத்து எல்லைத் தகராறு. தோட்டத்துக்கார மலாய்ப் பெரியவருக்கு நான் வக்கீல், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நீ. மதியச் சாப்பாட்டோடு இரண்டு பிராந்தி போட்டுவிட்டு, ஆறு கிராம்பை மென்று துப்பிவிட்டுக் கோர்ட்டுக்குள் வந்தேன். எழுந்தேன். பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, நான் உன் கட்சிக்காரருக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று. எல்லைக் கல் நகர்த்தப்படவே இல்லை என்று அடித்துப் பேசியிருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாத என் பெரியவர், வக்கீல் வெளுத்துக் கட்டுகிறார் என்று சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வழக்கு உன் பக்கம். நீ எழுந்து, காலையிலிருந்து வயிற்றைப் புரட்டுகிறது, எதிர்த்தரப்பு வாதத்தைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை, வேறொரு நாள் கொடுங்கள் என்று கேட்டாய். இதை இத்தனை நேரம் கழித்துச் சொல்கிறீர்களே என்று மாஜிஸ்திரேட் உன்னைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினாய்.

தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாய்.

“பல்வலியா?”

“ஆமாம்.”

“எத்தனை வருஷமா?”

எனக்குக் கோபம் வந்தது. சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல இருந்தது. ஆனால் நீ குரலை உயர்த்தவே இல்லை. காலை பத்து மணிக்கும் கிராம்பு, இரண்டு மணிக்கும் கிராம்பு என்றால் அது பல்லுக்காக இல்லை, அந்த வாசனையை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடித்தேன் என்றாய். பிறகு என்னிடம் யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாய். ஏன் குடிக்கிறாய் என்று என் அண்ணன் கேட்டிருக்கிறார், மாமனார் கேட்டிருக்கிறார், என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். நீ, எத்தனை மணிக்கு என்று கேட்டாய். கோர்ட் முடிந்ததும் நாலரையிலிருந்து ஏழு வரைக்கும் என்றேன். மதியத்தில் போடுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

“அந்த நேரத்த எங்கிட்ட குடு,” என்றாய்.

ஊருக்கு வெளியே காஜா பெராங்கில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்தாய். அதை எதற்காகத் தேர்ந்தாய் என்று எனக்கு முதல் வாரம் புரியவில்லை. கோர்ட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப் போக வேண்டிய தூரம். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து மலாயோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு முழுக்க மலாய். தமிழில் சாமி பெயரும் நான்கைந்து உறவுப் பெயரும்தான் அவருக்குத் தெரியும். அதுதான் காரணம் என்று பிறகு சொன்னாய். நாம் தமிழில் என்ன பேசினாலும் அது படியிறங்கிப் போகாது. நகரத்துக்குள் உன் ஆட்களான தமிழ் முஸ்லிம்களின் கடை இல்லாத தெரு இல்லை, என் சொந்தக்காரர்கள் இல்லாத கிளப் இல்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடினால், நெற்றியில் விபூதி பூசிய, தமிழ் தெரியாத மனிதரின் மாடிதான் கிடைத்தது. நீ இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாய்.

முனைக் கடையிலிருந்து பால் டின்னில் கோப்பி வரும், கம்பிக் காது வைத்த டின். என் கை நடுங்கும்போது நீ ஜன்னலைப் பார்ப்பாய். நேற்று என்ற பேச்சே அங்கே கிடையாது. நேற்று குடித்திருந்தாலும் கேட்கமாட்டாய், குடிக்காமல் இருந்திருந்தாலும் பாராட்டமாட்டாய். அதற்குப் பதில் என் கோர்ட் கூத்தையே ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டாய். நாம் நடத்திய பழைய வழக்குகளை எடுத்து, கட்சி மாறி வாதாடுவோம். நீ ஜெயித்த வழக்கில் உன் எதிராளிக்காக நீயே பேச வேண்டும். நான் சாட்சியாக இருந்து உளறினால், “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. கேள்வி என்னான்னு மொதல்ல பாரு,” என்பாய். நேரம் ஓடிவிடும். கீழே வீட்டுக்காரர் விளக்கேற்றும்போது எண்ணெய் வாசனை மேலே வரும், ஏழு மணி ஆகியிருக்கும்.

மூன்று தடவை சறுக்கினேன். ஒரு நாள் படியேறும்போதே தடுமாறி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ வந்து தோளைப் பிடித்து ஏற்றி, பாயில் படுக்கவைத்துவிட்டு, இன்றைய வாதம் ஒத்திவைக்கப்படுகிறது என்று மட்டும் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் அதே கோப்பி, அதே நாற்காலி.

கிராம்பை மட்டும் நீ நிறுத்தச் சொல்லவில்லை. குடிக்கத் தோன்றும்போது ஒன்றைக் கடி, நாக்கு எரியும்வரை கடி என்றாய். நான் வாங்க மறப்பேன். அதனால் நீயே உன் கோட்டுப் பையில் வைத்திருந்தாய். கோர்ட்டில் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பாயோ, வழக்குக் காகிதங்களைக் கட்டும் ரோஸ் நாடாத் துண்டில் ஒரு கிராம்பை முடிந்து, ஏதோ பத்திரம் நகர்த்துவதுபோல மேசையில் தள்ளுவாய். அந்தக் கிராம்பால் பின்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அந்த அறைக்கு வேறு இரண்டு பேர் வந்ததுண்டு. இருவரும் நம் தொழில்தான், என்னைப்போலக் குடியை விட வந்தவர்கள். ஒருவர் ஏழெட்டு நாள் வந்தார், இன்னொருவர் சில மாதம். பெயரை உனக்கு எழுதும் கடிதத்தில்கூட நான் எழுதமாட்டேன். நீ பழக்கியதுதான்.

எனக்குச் சரியாகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த நாள் வந்தது. காலையில் உன் வழக்கைக் கூப்பிட்டார்கள், நீ இல்லை. உனக்குக் காய்ச்சல் என்று நானே எழுந்து சொல்லி, வேறு தேதி வாங்கினேன். உண்மையாகவே காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் காஜா பெராங் போனால், நீ அறையில் உட்கார்ந்திருக்கிறாய். காலில் சப்பாத்து, கழுத்தில் டை, மேலே கருப்பு அங்கி. வெளியே மழை. ஜன்னல் திறந்து கிடந்து தரையெல்லாம் நனைந்திருந்தது. நீ காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாயாம், வீட்டுக்காரர் சொன்னார். கோர்ட்டுக்கு உடுத்திக்கொண்டு புறப்பட்டவன் இங்கே ஏறியிருக்கிறாய். பிறகு இறங்க முடியவில்லை.

என்னப்பா, என்ன செய்கிறது என்று கேட்டேன். அங்கியைக் கழற்றாமலே சொன்னாய்.

“உனக்காச்சும் ஒரு போத்தல் இருக்கு, இதான் காரணம்னு காட்ட. எனக்குக் காட்டறதுக்கு ஒன்னும் இல்ல.”

இப்படி வருவது முதல் தடவை இல்லை என்றாய். படிக்கிற காலத்திலிருந்தே வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து, வாரக்கணக்கில் இருந்துவிட்டுப் போகுமாம். சாப்பாடு மண்ணாகத் தெரியுமாம். பேசுகிறவர்களின் வாய் அசைவது மட்டும் தெரியுமாம். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் என் மச்சானோடு பேட்மிண்டன் ஆடுகிறவர், வெளியே தெரிந்தால் ஊர், பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தைச் சொல்லி, ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும், பிறகு எவன் பத்திரத்தை என் கையில் கொடுப்பான் என்றாய். சிங்கப்பூரில் போய்க் காட்டலாம் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றாய். அன்று என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். யாருக்கும் சொல்லாதே, வீட்டுக்கும் சொல்லாதே. கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உட்காரும் முறை என்னுடையதாயிற்று. சில நாள் நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய். நான் கோர்ட்டில் யார் தூங்கினார், யார் டை கோணலாகக் கட்டினார் என்று உளறிக்கொண்டிருப்பேன். அது உனக்கு உதவியதா, தொந்தரவாக இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் மட்டும் பால் டின்னை வாங்கிக்கொண்டு, கோப்பி நல்லாயிருக்கு என்றாய். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்க ஊரே வக்கீல்களைத் தேடியது. எங்கே பிறந்தோம் என்பதற்குக் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாத ஜனங்கள். எஸ்டேட்டில் பிறந்தவர்கள், கப்பலில் பிறந்தவர்கள், பிறந்த வருஷத்தையே வெள்ளம் வந்த வருஷம் என்று சொல்கிறவர்கள். காலையிலிருந்து என் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். சத்தியப் பிரமாணம் எழுதி எழுதி விரல் வீங்கும். கை நடுங்கவில்லை என்பதை ஒரு நாள் கவனித்து எனக்கே பெருமையாக இருந்தது. காஜா பெராங் போவது வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து மூன்றானது, பிறகு ஒன்று, பிறகு எப்போதாவது. உனக்குச் சுகமாகத்தான் இருந்தது, அல்லது அப்படித்தான் தெரிந்தது. ஒரு நாள் வாசலில் பார்த்தபோது, “போய் வேலையப் பாருப்பா. பல்வலிதான் போயிடுச்சில்ல,” என்றாய். நான் அதை விடைகொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். நீ அப்போது சிரித்தாய் என்றுதான் ஞாபகம். சிரிக்கவில்லையோ என்றும் இப்போதெல்லாம் தோன்றுகிறது. எத்தனை சாட்சிகளின் ஞாபகத்தை நான் குறுக்கு விசாரணையில் கிழித்திருக்கிறேன். என் ஞாபகத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்றேன். மாடியறைக்கு வந்த அந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி இத்தா இருந்து, கணவனை இழந்தவளின் அந்த நான்கு மாதத் தனிமையை முடித்த பிறகுதான் உன் வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, காஜா பெராங்கில் உனக்கு ஓர் அறை இருந்ததாமே, அது எதற்கு என்பது. இரண்டாவது கேள்வி கிராம்பைப் பற்றி. உனக்குப் பல்வலியே கிடையாது, ஆனால் துவைக்கப் போட்ட ஒவ்வொரு கோட்டுப் பையிலும் கிராம்பு இருந்தது. கிராம்பு மெல்லுகிறவன் எதை மறைக்கிறான் என்று அவளுடைய அண்ணன் விளக்கம் சொல்லியிருந்தார். தனி அறை, கிராம்பு வாசனை, சரியாக முகம் கொடுத்துப் பேசாத நாட்கள், கடைசியில் நெஞ்சு வெடித்த சாவு. எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு எழுதிவிடும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது தொழில் விஷயம் தங்கச்சி, சொல்லக் கூடாது” என்றேன். கட்சிக்காரர் செத்தாலும் அவர் சொன்ன ரகசியம் சாகாது என்பது நமக்கு முதல் வருஷமே சொல்லித்தந்த பாடம். அதை நான் உன் மேல் பிரயோகித்தேன். நீ என் கட்சிக்காரனா? நீ எனக்கு யார் என்று ஒரு தரம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. மறுப்பே சொல்லாமல் எழுந்து வந்தது, ஆமாம் என்று சொன்னதற்குச் சமம் என்பதும் தெரிந்தேதான் வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஆனால் நோன்பு மாதத்தில் நீ வழக்கமாகக் கொடுத்தனுப்பும் கஞ்சியை அவள் ஒரு வருஷம்கூட நிறுத்தவில்லை. இந்த வருஷம் தூக்கைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். சும்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

“ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அவரு குடிச்சதுக்காக மன்னிப்புக் கேட்டு துஆ செய்யறேண்ணே. வேற என்ன செய்ய முடியும் எனக்கு?”

தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாக்கு, வாக்கு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை பல் டாக்டரிடம் இரண்டு பல்லும் வலிக்கிறது, இரண்டையும் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, கெட்டது ஒன்றுதான், பக்கத்துப் பல்லும் சேர்ந்து வலிப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது, அதை விட்டுவிடுங்கள் என்றார். எண்ணெய்ப் பஞ்சைக் கடித்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். காஜா பெராங் அறையில் இருந்தது ஒரு ரகசியம் இல்லை, இரண்டு. ஒன்று உன்னுடையது. அதை வெளியே எடுக்க எனக்கு உரிமை கிடையாது. மற்றது என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே உன் பெயரை எழுதி, நான்கு வருஷமாக அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தது நிஜம்தானா, அல்லது என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேனா? இரண்டும்தான் என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்ளமாட்டாய்.

கன்னம் மரத்திருக்க நேரே உன் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை.

“அந்தக் கிராம்பு எனக்கு வச்சிருந்தது, தங்கச்சி. குடிச்சவன் நான். அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல.”

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்ப அந்த ரூம்புல அவரு என்னா செஞ்சாரு?”

“எங்கூட ஒக்காந்திருந்தாரு. நான் குடிக்காம இருக்கறதுக்கு.”

அழுகிறாள் என்று தெரிந்தது. நாலு வருஷ வெள்ளிக்கிழமைகளை நினைத்து அழுகிறாளா, என் மேல் கோபத்தில் அழுகிறாளா என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

“அவருகூட யாராச்சும் ஒக்காந்தாங்களாண்ணே?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத் தெரியும். சாப்பாடு மண்ணாகத் தெரிந்த நாட்களில் தட்டு வைத்தவள் அவள்தானே. அந்தக் கருப்பு நாட்களை நான் அவளிடமிருந்து ஒளித்துவைத்ததாக நினைத்தேன், அவள் அவற்றோடு குடியிருந்திருக்கிறாள். அவள் ரகசியத்தைக் கேட்கவே இல்லை. உனக்கு யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்டாள். முதல் நாள் அறையைப் பற்றிக் கேட்டதும் இதற்காகத்தானோ என்னவோ. கேள்வி என்னவென்று முதலில் பார் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய்.

வாக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் பதில் சொன்னேன்.

“நான் ஒக்காந்தேன். கொஞ்ச நாள்.”

“போதும்ணே,” என்றாள். உள்ளே போய், ஒரு காகிதப் பொட்டலத்தைத் திரைக்குக் கீழாக நகர்த்தினாள், நீ மேசையில் தள்ளியதுபோல. உன் கோட்டுப் பைகளிலிருந்து பொறுக்கி வைத்திருந்த கிராம்பு.

பொட்டலம் இப்போது என் முன்னால் இருக்கிறது. எழுதத் தொடங்கும்போது ஒன்றை வாயில் போட்டேன். காரமும் இல்லை, மணமும் இல்லை, வெறும் குச்சி. துப்ப மனம் வராமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறிவிட்டேனா, நீதான் சொல்ல வேண்டும், நீ சொல்லப்போவதில்லை. அவள் போதும் என்றாள். எது போதும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. நீ என்னோடு எனக்குச் சரியாகும்வரை உட்கார்ந்தாய். நான் உன்னோடு எனக்குச் சரியாகும்வரை உட்கார்ந்தேன்.